வறுக்காத சதகுப்பை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கச்சி விட்டுப்போன பெண். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பார்க்காமல் ஆறு பேரையும் அடுப்படியில் நிறுத்தித்தான் வளர்த்தேன். இன்றைக்கு அந்த ஆறு வீட்டிலும் வேறு எது குறைந்தாலும் கறியில் ருசி குறையாது. இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது?

இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்த எழுத்து இது. கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். நிதானமாகத்தான் எழுதுகிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத வந்தது சதகுப்பையைப் பற்றி. சீரகத்தை எடுத்துத் தட்டையாக அமுக்கி, ஓரத்தில் வெளிறின கரை கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கடித்தால் முதலில் சோம்பு மாதிரி இனிக்கும், பிறகு லேசாகக் கசக்கும், கடைசியில் நாக்கு நுனி விறுவிறுக்கும். வாங்கும்போது கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். வாசம் மூக்கில் ஏறினால் நல்ல சரக்கு. தூசி வாசம் வந்தால் போன வருஷத்துச் சரக்கு. கடைக்காரன் முறைப்பான். முறைக்கட்டும்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறிக்கு சதகுப்பை இல்லாமல் முடியாது. மல்லி, மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் தனித்தனியாக வறுத்துக் கடைசியில் சதகுப்பை. அது சட்டென்று கருகிவிடும், ஆகையால் சட்டி சூட்டிலேயே போட்டு இறக்கிவிட வேண்டும். அம்மியில் அரைத்து, பூண்டை உரித்து முழுசாகப் போட்டு, பால் சுறா வாங்கி, நல்லெண்ணெய் மிதக்க இறக்கினால், தெருமுனையில் வருகிறவன்கூட இந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வான். பிள்ளை பெறாதவர்களுக்கும் உண்டு. முருங்கைக்கீரை போட்ட பருப்பில் ஒரு சிட்டிகை, சூரை மீன் குழம்பை இறக்கும்போது ஒரு சிட்டிகை. என் பிள்ளைகள் வெளியில் எங்கே சாப்பிட்டாலும், "என்னமோ குறையுது" என்பார்கள். குறைவது அந்தச் சிட்டிகைதான்.

இலங்கையிலிருந்து எங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் வெட்ட விட்டார்கள். அங்கே வந்த முதல் மழையிலேயே ஒரு பாடம் படித்தேன். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சரக்கு எல்லாம் பூசணம் பூத்துப் போகும். அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சட்டம். கடையிலிருந்து விதைச் சரக்கு எது வந்தாலும், வந்த அன்றைக்கே வெறும் சட்டியில் ஒரு புரட்டு புரட்டி, ஆறவிட்டு, டப்பாவில் போட வேண்டும். கை கால் கழுவுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். ஆறு பிள்ளைகளுக்கும் சொன்னேன். லயத்தில், அதுதான் எங்கள் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

கடல் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேட்டில் இருந்ததால் ஆட்கள் தப்பித்தோம். அம்மி போனது, டப்பாக்கள் போயின, வீடு போனது. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அதற்கப்புறம் போர்ட் பிளேருக்கு வந்து, தகரக் கொட்டகையில் இருந்து, பிறகு அதே ஊரில் டாலிகஞ்சில் சின்ன மகனோடு இருக்கிறேன். சின்ன மகன் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் வேலை செய்கிறான். எங்கள் பழைய லயத்துப் பெண்கள் சில பேரும் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு துண்டு மண் இருந்தது. அதில் மிளகாய், வெண்டை, பொன்னாங்கண்ணி என்று எதைக் குத்தினாலும் வந்தது. அந்த மண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சின்ன மருமகளுக்கு இது முதல் பிள்ளை, வயிறு இறங்கிவிட்டது. எல்லாச் சரக்கும் சேர்த்துவிட்டேன், சதகுப்பை மட்டும் பாக்கி. முக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிவகங்கைப் பக்கத்து ஆள். வாய் சும்மா இருக்காது.

"ஒரே ஒரு பொட்டலம்தாம்மா இருக்கு. கடல் கொந்தளிப்பு, கப்பல் வரல. அதோ அந்த மூலையில பாருங்க."

நான் கை வைத்தேன். அதே நேரத்தில் இன்னொரு கையும் அதன்மேல் விழுந்தது. வளையல் போட்ட கை, சங்கு வளையல். பார்த்தால் எங்கள் தெருவுக்கு மேலே வாடகைக்கு வந்திருந்த பெங்காலியம்மா. என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள்.

"தீதி, பெஹலே மைனே பக்டா," என்றாள். தீதி என்றால் அக்கா. அவள்தான் முதலில் பிடித்தாளாம்.

"பிடிச்சா? நான் உள்ளே வந்தபோதே அதைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்," என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"அம்மா, ரெண்டு பேரும் இழுத்தா பொட்டலம் கிழியும். அப்புறம் எறும்புக்குத்தான் சரக்குக் கறி," என்றார் கடைக்காரர்.

எதற்கு உனக்கு என்று கேட்டேன். விதைக்க என்றாள். உனக்கு எதற்கு என்று கேட்டாள். தின்ன என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யே கானேகா நஹீ, போனேகா!" தின்பதற்கு இல்லையாம், விதைப்பதற்காம். அவர்கள் அந்தச் செடியைக் கீரையாகக் கிள்ளி உருளைக்கிழங்கோடு வதக்கித் தின்பார்களாம். விதையைத் தின்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிறாளாம். எனக்கும் சிரிப்பு வந்தது. பல் முளைத்த நாளிலிருந்து சதகுப்பை தின்கிறேன், அதற்கு ஒரு செடி உண்டு என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கடையில் முளைக்கிற சாமான் என்றுதான் எண்ணம்.

கடை வாசலில் நின்று பேசினோம். அவர்கள் வயலிலும் அதே ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறி நின்று, தண்ணீர் இன்னும் வடியவே இல்லை. புருஷனும் அவளுமாக மகன் எடுத்த ஒற்றை அறைக்கு வந்துவிட்டார்கள். கிழவர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். கார்த்திகை பிறந்தால் அந்தக் கீரை கேட்பாராம், இந்த வருஷமும் கேட்டிருக்கிறார். போன ஐந்தாறு மாதத்தில் அவர் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதானாம். ஆனால் விதைக்க அவளுக்கு மண் இல்லை. இரண்டு பெயின்ட் டப்பா இருக்கிறது.

எனக்கு அப்போதே கணக்கு ஓடியது. "பாதி எனக்குக் குடு. உன் பாதியை என் மண்ணுல போடு. அந்த மண்ணுல போட்டது முளைக்காம போனதில்ல. முளைக்கலேன்னா என்னை வந்து கேளு," என்றேன். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னேன். கடைக்காரர் சாட்சி.

கடையிலேயே இரண்டு பொட்டலமாகக் கட்டினோம். அவள் அறை ஒழுகுமாம், மழை விட்டதும் வந்து விதைக்கிறேன், அதுவரை உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தன் பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தாள். வீட்டில் அடுப்புக்கு மேலே உள்ள பலகைதான் ஈரம் படாத இடம். இரண்டையும் அங்கே வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பெண் குழந்தை. நல்ல குரல். வீட்டுக்கு வந்து, குழந்தை அழுத அவசரத்தில் கைக்கு வந்ததைச் சட்டியில் போட்டு, சரக்குக் கறி வைத்தேன். மருமகள் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பற்றி நீட்டவில்லை.

மழை விட்டதும் பெங்காலியம்மா மண்வெட்டியோடு வந்தாள். நான் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பலகையில் இருந்து எடுத்துக்கொள் என்றேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, "ஆஹா, என்ன வாசம் தீதி! இவ்வளவு வாசமான விதை எங்க ஊர்லகூட இல்ல," என்றாள். வீடு முழுக்கவே அந்த வாசம்தான், நான் கவனிக்கவில்லை. விதையை மணலோடு கலந்து, கோடு கிழித்துத் தூவி, கையால் தட்டிவிட்டாள். அவள் கை மண்ணைத் தட்டுகிற விதத்திலேயே தெரிந்தது, பழகின கை.

பிறகு தினமும் வந்தாள். குனிந்து பார்ப்பாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள்.

"தீதி, உன் மண்ணு இன்னும் தூங்குதா?"

"இப்பத்தானே போட்டே. கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தா முளைக்குமா?"

நாட்கள் போயின. நான் சாம்பல் தூவினேன். எருக் கரைத்து ஊற்றினேன். அவள் பார்க்காத நேரம் நானும் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் வெண்டை பூத்து நிற்கிறது, இந்தத் துண்டில் மட்டும் ஒரு பச்சை கிடையாது. தெருவில் போகிறவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி எறும்பு என்றாள், ஒருத்தி நத்தை என்றாள். ஒருநாள் கிழவரே வந்துவிட்டார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "மிட்டி அச்சா ஹை," என்றார். மண் நல்ல மண். எழுந்து போகும்போது அவர் முதுகைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வாக்குக் கொடுத்தது நான்.

மண் நல்லது என்றால் விதைதான் கெட்டது. விதை கெட்டது என்றால் கடைக்காரன் கெட்டவன். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போனோம். மண்ணைக் குறை சொல்வதை விட்டுவிட்டு அவள் என் பக்கம் வந்ததில் எனக்குத் தெம்பு.

"பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கே. ஒண்ணுகூட முளைக்கல," என்றேன்.

"அம்மா, நான் விக்கிறது மளிகை. விதை வேணும்னா விவசாய ஆபீசுக்குப் போகணும். ஆனா என் சரக்கு பழசில்ல, அதைச் சொல்லாதீங்க."

"பழசா புதுசான்னு என் நாக்கு சொல்லும்!" என்றேன். பெங்காலியம்மா சாட்சிக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். மடிப்பில் கொஞ்சம் விதை ஒட்டியிருந்தது. கடையில் நாலு பேர் பார்க்க, எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.

கடித்ததும் தெரிந்தது. சதகுப்பையில் பச்சை எது, வறுத்தது எது என்று என் நாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். முழுங்கினேன்.

"வறுத்திருக்கு," என்றேன்.

கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த தடவை அவிச்ச நெல்லை விதைங்கம்மா! அறுக்கும்போது நேரா சோறா அறுக்கலாம்."

பெங்காலியம்மாவுக்கு ஹிந்தியில் அவரே எடுத்துச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "இத்தனை நாளா சட்டியில இருந்து வந்ததுக்கா தண்ணி ஊத்தினேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பூடாகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றாள். கிழவரிடம் என்ன சொல்வது என்பதுதான் அவள் கவலை.

வீட்டுக்கு வந்து சின்ன மகனைப் பிடித்தேன். அவனுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. பலகையில பார்த்தேன், ரெண்டு பொட்டலம் பச்சையா கிடந்துச்சு. கடைச் சரக்கு வந்த அன்னைக்கே வறுக்கணும்னு யாரு சொன்னது? ரெண்டையும் வறுத்து, பழையபடியே மடிச்சு வச்சேன். கருகக்கூட விடல, பார்த்தீங்களா?"

பதமாகத்தான் வறுத்திருந்தான்.

கப்பல் இன்னும் வரவில்லை. கடையில் இல்லை, பஜாரில் இல்லை. மழைக்குப் பிறகு மண்ணில் ஈரம் இருக்கும்போதே போட்டால்தான் உண்டு, தை பிறந்தால் வெயில் சுட்டுவிடும் என்று பெங்காலியம்மா சொல்லியிருந்தாள். நான் யார் வீட்டிலும் போய் இரவல் கேட்டவள் இல்லை. அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் பழைய லயத்துப் பெண்கள் எல்லோர் வீட்டிலும் சதகுப்பை இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இருந்தது. டாலிகஞ்சில் இருந்தது, ஷாதிபூரில் இருந்தது. ஒவ்வொருத்தியும் டப்பாவைத் திறந்து பெருமையாகக் காட்டினாள். "நீங்க சொன்ன மாதிரியே வறுத்து வச்சிருக்கேன்க்கா, பாருங்க, ஒரு பூசணம் உண்டா?" எந்த டப்பாவைத் திறந்தாலும் பொன்னிறம். ஷாதிபூரில் ஒருத்தி அன்றைக்குக் காலையில்தான் வறுத்திருந்தாள், இன்னும் சூடு ஆறவில்லை. நான் என்ன முகத்தோடு அவளைத் திட்டுவது? "நல்லா பண்ணியிருக்கே," என்று சொல்லி, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் மூத்த மருமகள் ஞாபகம் வந்தது.

மூத்தவன் டெலானிபூரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி நல்ல பெண்தான், ஆனால் எதையும் வறுக்க மாட்டாள். வாங்கினதை அப்படியே டப்பாவில் கொட்டி மூடிவிடுவாள். இதற்காக நான் அவளைச் சொல்லாத நாள் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். அவள் "சரி அத்தை" என்பாள், செய்ய மாட்டாள். ஆறு வீட்டில் ஐந்து வீடு என் பேச்சைக் கேட்கும், கேட்காத வீடு அது ஒன்றுதான்.

மேடு ஏறி, மூச்சு வாங்க, அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு கலக்கம்.

"வாங்க அத்தை. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க?"

"சதகுப்பை இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு..." அவள் ஒரு காலை எடுத்து அடுப்படி வாசலை மறித்துக்கொண்டாள். "இல்ல அத்தை, இன்னைக்கு வறுக்கணும்னுதான் இருந்தேன். பிள்ளைங்க பரீட்சை, நேரமே இல்ல. சத்தியமா நாளைக்கு..."

"வறுக்கலயே?"

"திட்டாதீங்க அத்தை, இப்பவே வறுத்திடறேன்," என்று சட்டியை எடுக்கப் போனாள்.

"சட்டியைத் தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரியே எட்டிப் பார்த்தாள்.

டப்பாவை வாங்கித் திறந்தேன். ஒரு மூலையில் சின்னதாகப் பூசணம். மற்றபடி பச்சையாக, வெளிறின கரையோடு, கடையில் வாங்கின மாதிரியே கிடந்தது. அவ்வளவு அழகான சதகுப்பையை நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் முதலில் வாயைத் திறந்து கேட்டாள், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"தர்றேன் அத்தை. டப்பாவோட எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு."

"என்னா?"

"ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க. நான் வறுக்காம வச்சது நல்லதுன்னு."

பதினாறு வருஷமாக நான் சொன்னதை எல்லாம் அவள் அன்றைக்கு ஒரு மூட்டையாகக் கட்டி என் முன்னால் வைத்துவிட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் பார்த்தேன். அவள் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் எனக்குக் கிழவர் கவிழ்த்த வாளியிலிருந்து எழுந்து போன முதுகு கண்ணில் வந்தது.

"நல்லதுதான்," என்றேன்.

"எது அத்தை?"

"நீ வறுக்காம வச்சது நல்லதுதான். போதுமா? டப்பாவைக் குடு. அந்தப் பூசணத்தைத் துடைச்சிட்டுக் குடு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அவளோடு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு தோன்றியது.

டப்பாவை என் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. நேராக மேல் தெருவுக்குப் போய் பெங்காலியம்மா கையில் கொடுத்தேன். அவள் ஒரு விதையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, "கச்சா!" என்றாள். பச்சைதான். கிழவரும் கூடவே இறங்கி வந்தார். அந்தத் துண்டில் அவரே கோடு கிழித்தார்.

முளைத்தது. நூல் மாதிரி, கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று, வரிசையாக. சதகுப்பைச் செடியை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். மயிலிறகை நறுக்கி நட்டதுபோல வளர்ந்தது. முதல் கிள்ளல் கீரையை உருளைக்கிழங்கோடு வதக்கி, கிழவர் தட்டில் போட்டதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். அவர் சோற்றைப் பிசைந்து, தலையைத் தூக்காமல், தட்டு வெளுக்கத் தின்றார். தின்றுவிட்டு, "கல் பீ?" என்று கேட்டார். நாளைக்கும் உண்டா என்று. பெங்காலியம்மா கரண்டியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். உள்ளதைச் சொல்கிறேன், என் வாய்க்கு அது சுமார்தான். பதிலுக்கு அவளுக்குச் சூரைக் குழம்பில் வறுத்த விதை போட்டுக் கொடுத்தேன். அவளும் சுமார் என்றுதான் முகத்தைக் காட்டினாள். ஆனால் கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

வறுக்கிற சட்டத்தை நான் மாற்றவில்லை. ஆறு வீட்டில் ஐந்து வீடு வறுக்கும். டெலானிபூர் வீட்டை மட்டும் நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கார்த்திகைக்கு முன்னால் மூத்த மருமகளே போன் போட்டு, "அத்தை, விதை வேணுமா? என்கிட்ட பச்சையா இருக்கு," என்பாள். அந்தப் "பச்சையா"வை ஒரு இழுப்பு இழுத்துத்தான் சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும்.

எழுதி முடித்தேன். இங்கே வாடா கண்ணு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இதை முதல்லேருந்து எனக்கு ஒருதரம் வாசி. கொம்பு தப்பா இருந்தா நீயே சரி பண்ணிக்கோ. உங்கம்மா டெலானிபூர்லேருந்து கிளம்பிட்டான்னு போன் வந்துச்சு. "நல்லதுதான்"னு நான் சொன்ன இடத்தை அவ வந்து சேர்றதுக்குள்ள வாசிச்சு முடிச்சிடு.